ஏறிப் பார்க்க வேண்டிய கப்பல்

ஆஸ்லோ போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஃப்ராமைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வட துருவக் கடலின் பனியில் உறைந்து, அந்தப் பனியோடு ஏறக்குறைய மூன்று வருடம் நகர்ந்து, ஓட்டை உடைசல் இல்லாமல் வீடு திரும்பிய மரக்கப்பல் அது. பின்னாளில் துருவப் பயணி அமுன்ட்செனைத் தென் துருவத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டதும் அதே கப்பல்தான். அதைக் கரையேற்றி, அதைச் சுற்றி ஒரு கட்டடம் எழுப்பி, 1936-ல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். மாதிரிக் கப்பல் கிடையாது, அசல். அதில் ஏறலாம், அறைகளுக்குள் எட்டிப் பார்க்கலாம், அடிவயிறு வரை இறங்கலாம்.

கடற்பயணக் கண்காட்சி எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போகிறவன் நான். வரைபடம், திசைகாட்டி, கேப்டனின் தொப்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நங்கூரச் சங்கிலி என்று எத்தனையோ பார்த்தாயிற்று. எல்லாம் நல்லவைதான். ஆனால் ஒரு பயணம் ஏன் அப்படி நடந்தது, அந்த மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை உடம்புக்கே புரியவைத்த காட்சி எனக்கு ஃப்ராம் ஒன்றுதான். வெளியே வந்தபோது வாயெல்லாம் பல்லாக இருந்தேன். இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறேன்.

ஆஸ்லோ நகரையொட்டி பிக்டோய் என்ற தீபகற்பம் இருக்கிறது. கோடையில் நகரமன்றக் கட்டடத்துக்கு எதிரே உள்ள படகுத்துறையிலிருந்து படகில் போய்விடலாம். கரையில் இறங்கும்போதே செங்குத்தான கூரையோடு முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும் கட்டடம் தெரியும். பாய்மரக் கப்பலின் உயரத்துக்கு ஏற்ற கூரை. பக்கத்திலேயே கோன்-டிக்கி அருங்காட்சியகமும் நார்வே கடல்சார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. வாசலில், 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தைத் தொட்ட ஐந்து பேரின் சிலைகள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் யாழ்ப்பாணத்து நண்பர். பல வருடங்களுக்கு முன்னால் அகதியாக வந்து, ஆஸ்லோவிலேயே குடும்பமாகிவிட்டவர். பத்து வயது மகளும் கூட வந்தாள். உள்ளே நுழைந்ததும் நான் மேலே போகும் படிக்கட்டை நோக்கி ஓடினேன். நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உடன மேல ஏறாதேங்கோ அண்ணை. முதல்ல கீழ நிண்டு அடிப்பக்கத்தை வடிவாப் பாருங்கோ. அது விளங்கினால் மிச்சமெல்லாம் தானா விளங்கும்."

எவ்வளவு சரியாகச் சொன்னார்! இந்த அருங்காட்சியகத்தின் முழு ரகசியமும் அந்தக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது.

தலைக்கு மேலே ஒரு கேள்வி

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கப்பலின் அணியம் தலைக்கு மேலே மலைபோல் எழுகிறது. கொஞ்சம் நடந்து பக்கவாட்டுக்கு வந்தால்தான் வினோதம் தெரியும். இந்தக் கப்பலுக்கு இடுப்பே இல்லை. நீளம் 39 மீட்டர், அகலம் 11 மீட்டர். வயிறு பருத்து, உருண்டு, வழவழவென்று கீழே போகிறது. பக்கங்களில் பிடிப்பதற்கு ஒரு விளிம்புகூடக் கிடையாது. முதலில் கட்டியபோது ஏராக்கட்டை அடியில் துருத்திக்கொண்டிருந்தது சில சென்டிமீட்டர்தான். இப்படிப்பட்ட கப்பல் அலையில் கண்டபடி உருளும் என்பது கடல் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். உருளத்தான் செய்தது. பிறகு ஏன் இப்படிக் கட்டினார்கள்?

இங்கேதான் கண்காட்சியை அமைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். விடையைச் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு பொருளைக் காட்டுவதுதான் வழக்கம். இவர்கள் முதலில் பொருளை நம் தலைக்கு மேலே நிறுத்துகிறார்கள். கேள்வி நமக்குள் தானாக முளைக்கிறது. அதன்பிறகு சுற்றுச் சுவர்களில் படமும் வரைபடமும் எழுத்துமாக விடை விரியும்போது, ஒரு வரிகூட விடாமல் படிக்கிறோம்.

விடை 1879-ல் தொடங்குகிறது. அந்த வருடம் ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் வட துருவத்தைத் தேடி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. பனி அதைப் பிடித்துக்கொண்டது. 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே, பனியின் நெருக்கலில் நொறுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அந்தக் கப்பலின் பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. சைபீரியாவில் மூழ்கியது கிரீன்லாந்துக்கு எப்படி வந்தது?

ஃபிரித்யோஃப் நான்சென் என்ற இளம் விலங்கியலாளர் அந்தச் செய்தியைப் படித்தார். துருவக் கடலின் பனி முழுவதும் ஒரு நீரோட்டத்தில் கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிறது என்று வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் விளக்கம் சொல்லியிருந்தார். நான்சென் ஒரு படி மேலே போனார். பனி தானாகவே நகர்கிறதென்றால், ஒரு கப்பலை வேண்டுமென்றே அதில் உறையவிட்டால் என்ன? பனியே நம்மைத் துருவத்தின் பக்கம் சுமந்து போகாதா?

அதுவரை துருவத்துக்குப் போனவர்கள் எல்லாரும் பனியோடு மல்லுக்கட்டியவர்கள். பனியில் மாட்டுவதுதான் அவர்களுடைய பெரிய பயம். இந்த மனிதர் மாட்டிக்கொள்வதையே திட்டமாக வைத்தார். 1892-ல் லண்டனில் ராயல் புவியியல் கழகத்தில் இதை விளக்கியபோது, துருவ அனுபவம் பழுத்த பலர் நடக்காத காரியம் என்றார்கள். அமெரிக்கத் துருவப் பயணி கிரீலி இது தற்கொலைக்கு ஒப்பான முயற்சி என்று கடுமையாக எதிர்த்தார். நான்சென் அசரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விஷயம்: நெருக்கினால் நொறுங்காத கப்பல்.

அதைச் செய்துகொடுத்தவர் கொலின் ஆர்ச்சர். லார்விக் ஊரில் பிறந்த, ஸ்காட்லாந்து வம்சாவளிக் கப்பல் கட்டுநர். மரத்தின் பலத்தை மட்டும் நம்பினால் போதாது, வடிவமும் கைகொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. மாம்பழம் தின்ற கையில் மாங்கொட்டையை அழுத்திப் பிடித்தால் அது நழுவி மேலே எகிறும் அல்லவா? ஃப்ராமின் வயிறு செய்வது அதைத்தான். இரண்டு பக்கமும் பனி நெருக்க நெருக்க, பிடிக்க இடமில்லாமல் கப்பல் மேலே எழும்பிவிடும். நெருக்குதல் முடிந்ததும் பனியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த உருண்ட வயிற்றின் கீழே நின்று இதைப் படிக்கும்போது கைகள் தாமாகவே அந்த வளைவைக் காற்றில் வரைந்து பார்க்கின்றன. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு முதியவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

இரும்பை மிஞ்சிய மரம்

விவரங்களைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. விலாச் சட்டங்களுக்கு இத்தாலிய ஓக் மரம். நார்வேக் கடற்படைத் தளமான ஹோர்ட்டனில் ஏறக்குறைய முப்பது வருடம் கிடந்து பதமான மரம் அது. சட்டங்களுக்கு இடையே விரலளவு இடைவெளிதான். அந்த இடைவெளியிலும் கீல், தார், மரத்தூள் மூன்றையும் கலந்து அடைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஓக் பலகையில் இரண்டு அடுக்கு. அதற்கும் மேல் கிரீன்ஹார்ட் என்ற, கல்போல் இறுகிய தென்னமெரிக்க மரத்தில் ஒரு கவசம். அந்தக் கவசம் முழுவதையும் பனி உரித்தெடுத்தாலும் உள்ளே கப்பல் முழுசாக இருக்கும். இப்படிக் கூட்டினால் பக்கச் சுவரின் தடிமன் 60 முதல் 70 சென்டிமீட்டர். அணியத்தில் ஒன்றேகால் மீட்டருக்குக் கட்டியான ஓக். பின்பக்கம் போனால் இன்னொரு சாமர்த்தியம்: சுக்கானையும் புரொப்பெல்லரையும் கிணறுபோன்ற இரண்டு துளைகள் வழியாக மேலே தூக்கி, பனியின் கைக்கு எட்டாமல் வைத்துவிடலாம்.

1892 அக்டோபர் 26 அன்று லார்விக்கில் இந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. பெயர் சூட்டியவர் நான்செனின் மனைவி ஏவா. 1893 ஜூன் 24 அன்று ஐந்து வருட உணவோடு கிளம்பியது. அதே வருடம் செப்டம்பர் 22-ல், திட்டப்படியே, பனியில் மாட்டிக்கொண்டது.

மேல்தளம்: கடல் நகர்கிறது

கட்டடத்தின் உள்சுவரை ஒட்டி அடுக்கடுக்காக நடைமாடங்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு மாடத்திலும் பயணங்களின் கதை. மேல் மாடத்திலிருந்து ஒரு சிறு பாலம் வழியாகக் கப்பலின் மேல்தளத்துக்குப் போகிறோம். கால் வைத்ததும் பலகையின் ஓசை மாறுகிறது. கட்டடத்தின் தரையிலிருந்து மரத்துக்கு வந்துவிட்டோம் என்பதைப் பாதம்தான் முதலில் சொல்கிறது.

சுற்றிலும் சுவர்களில் ஒளிப்படக் காட்சி ஓடுகிறது. அலை எழும்புகிறது, புயல் வருகிறது, பனிப்பாளங்கள் நெருங்குகின்றன, வடதுருவ ஒளி பச்சையாகத் தலைக்கு மேல் அலைகிறது. கப்பல் அசையவில்லை, அறிவுக்கு அது தெரியும். ஆனால் இருபக்கமும் கடல் நகரும்போது உடம்பு நம்ப மறுக்கிறது. நண்பரின் மகள் பக்கத்துக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். நானும் சுக்கான் பக்கம் கையை நீட்டினேன்.

நவீனக் கருவிகளை வைத்துக் காட்சி அமைப்பவர்கள் பல இடங்களில் கருவியின் வித்தையில் மயங்கி, சொல்ல வந்த விஷயத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். இங்கே கருவி கப்பலுக்கு வேலைக்காரனாக நிற்கிறது. திரை நம் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில்லை. நாம் நிற்கும் பலகைக்கு அர்த்தம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கப்பல் அசல், கடல் மட்டும் ஒளி. இந்தக் கலவையின் அளவு இவ்வளவு கச்சிதமாக அமைந்த இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உள்ளே: பதின்மூன்று பேரின் வீடு

படியிறங்கி உள்ளே போனால் உலகம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. நடுவில் ஒரு பொதுக்கூடம். அதைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். நான்கு அறைகள் ஒரு ஆளுக்கு, இரண்டு அறைகள் நான்கு பேருக்கு. கூட்டினால் பன்னிரண்டு படுக்கைதான். பதின்மூன்றாவது ஆளான பெர்ன்ட் பென்ட்சென், ட்ரோம்சோ ஊரில் கப்பல் கிளம்பும் தறுவாயில் வந்து சேர்ந்தவர். அவருக்கும் இடம் பண்ணிக்கொண்டார்கள்.

ஓர் அறை வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். முழுதாக விரிக்க முடியவில்லை. கட்டில் என்பது சுவரில் பதித்த ஒரு மரப்பெட்டி. புரண்டு படுத்தால் முட்டும். நண்பரின் மகள் அந்தக் கட்டிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, உண்மையா மூண்டு வருசம் இதுக்குள்ளயா இருந்தவை?"

"ஓம் பிள்ளை. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை. எல்லாரும் திரும்பி வந்தவை," என்றார் அவள் அப்பா.

எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்பதுதான் இந்தக் கப்பலின் பெருமைகளில் தலையாயது. அதற்கு முந்தைய காலங்களில் நீண்ட கடற்பயணம் போனவர்களை ஸ்கர்வி நோய் கொத்துக் கொத்தாகக் கொன்றது. ஃப்ராமில் ஒருவருக்குக்கூட அது வரவில்லை. காரணங்களைக் கப்பலுக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிக்கலாம். வகைவகையாகப் பார்த்துச் சேர்த்த உணவு. குளிர் புகாத சுவர்: தார் தோய்த்த கம்பளித் துணி, தக்கைத் தூள், மரப்பலகை, மீண்டும் கம்பளி, காற்றுப் புகாத லினோலியம், மீண்டும் பலகை என்று அடுக்கியிருக்கிறார்கள். கூரைச் சாளரத்துக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத இரவில் விளக்கு எரிய, மேல்தளத்தில் ஒரு காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தார்கள். 1893-ல், துருவப் பனியின் நடுவில், காற்று மின்சாரம்! படிப்பதற்குப் புத்தகங்கள், வாசிப்பதற்கு ஓர் ஆர்கன். உடம்பைப் போலவே மனமும் உடையாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துக் கட்டிய வீடு இது.

கூடத்து மேசையைப் பார்த்தபடி நின்றேன். மேலதிகாரிக்கு ஒரு மேசை, மாலுமிகளுக்கு இன்னொன்று என்ற வழக்கம் அன்றைய கப்பல்களில் இருந்தது. இங்கே பதின்மூன்று பேரும் ஒரே கூடத்தில் உண்டார்கள். இடத்தை வடிவமைத்த விதமே உறவையும் வடிவமைத்தது என்பது அங்கே நிற்கும்போது பளிச்சென்று விளங்குகிறது.

இன்னும் கீழே இறங்கினால் சரக்கறை. அங்கே ஒரு நிமிடமாவது சும்மா நில்லுங்கள். இருபக்கச் சுவரும் நசுங்காமல் இருக்க, குறுக்கும் சாய்வுமாகப் பிரம்மாண்டமான மரத்தாங்கிகள். மூலைகளில் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்துண்டுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு தாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். நூறு வருடத்துக்கு மேலான மரம், விளிம்புகள் தேய்ந்து மழுங்கிக் கிடக்கின்றன. இந்த மரம் தாங்கியது எதை என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

1895 ஜனவரி முதல் வாரம். கப்பலின் இடப்பக்கம் ஒரு பனிமேடு எழும்பி, உறுமிக்கொண்டு நெருங்கியது. கூரைத் துணியின் மேலே பனிக்கட்டிகள் சரிந்தன. நான்சென் உணவையும் கருவிகளையும் பனிமேல் இறக்கச் சொன்னார். கப்பலை விட்டு வெளியேறத் தயாராகிவிட்டார்கள். அப்போது ஃப்ராம் தனக்கென்று சொல்லப்பட்டிருந்த வேலையைச் செய்தது. தன்னைப் பிடித்திருந்த பனியிலிருந்து விடுபட்டு மேலே எழுந்தது. காகிதத்தில் ஆர்ச்சர் போட்ட ஒரு வளைகோடு பதின்மூன்று உயிர்களைக் காப்பாற்றியது. கீழ்த்தளத்தில் பார்த்த அந்த உருண்ட வயிறும் இங்கே நான் கைவைத்து நிற்கும் தாங்கியும் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுத்தன என்பது இந்த இடத்தில் முழுமையாகிறது. ஓர் எந்திரவியல் யோசனையை எட்டிலிருந்து எண்பது வயது வரை எல்லாருக்கும் இவ்வளவு நேராக விளக்கும் காட்சிமுறைக்கு ஈடு இல்லை.

இரண்டு பேரின் நடை

நடைமாடத்துக்குத் திரும்பினால் அடுத்த அதிசயம். பனி தன்னைத் துருவத்துக்குச் சரியாகக் கொண்டுபோகாது என்பது நான்செனுக்குப் புரிந்துவிட்டது. 1895 மார்ச் 14 அன்று ஹியால்மர் யோஹான்சென் என்ற துணையோடு, இருபத்தெட்டு நாய்கள், மூன்று சறுக்குவண்டிகள், இரண்டு கயாக் படகுகளோடு கப்பலை விட்டு இறங்கினார். யோஹான்சென் ஒரு ஜிம்னாஸ்டிக் வீரர். வேறு வேலை காலி இல்லாததால் எந்திரத்துக்குக் கரிபோடும் ஆளாகச் சேர்ந்து வந்தவர். இருவரும் வடக்கே 86 பாகை 14 கலை வரை போனார்கள். அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. அங்கிருந்து திரும்பி, ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு ஒரு குழிவீடு கட்டி, கரடி இறைச்சியில் குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள். 1896 ஜூன் 17 அன்று பனிவெளியில் நாய் குரைக்கும் சத்தம் கேட்டு நடந்த நான்சென், பிரிட்டிஷ் பயணி ஃபிரெடரிக் ஜாக்சனை நேருக்கு நேர் சந்தித்தார்.

1896 ஆகஸ்ட் 13 அன்று நான்செனும் யோஹான்செனும் நார்வேயின் வார்டோ துறைக்கு வந்து சேர்ந்தார்கள். அதே நாள், ஓட்டோ ஸ்வெர்த்ருப் தலைமையில் மிதந்துகொண்டிருந்த ஃப்ராம், பனியை விட்டு வெளியே வந்து திறந்த கடலைத் தொட்டது. இந்தத் தேதியைச் சுவரில் படித்தபோது பக்கத்திலிருந்த நண்பரின் தோளை அழுத்திப் பிடித்துவிட்டேன்.

துருவத்தைத் தொடாத பயணம்தான். ஆனால் அது கொண்டுவந்த அறிவு துருவத்தைவிடப் பெரியது. துருவக் கடல் ஆழமில்லாதது என்று நம்பியிருந்தார்கள். ஃப்ராம் இறக்கிய அளவுகயிறு மூவாயிரம் மீட்டரைத் தாண்டிப் போனது. காற்றடிக்கும் திசைக்கு நேராக நகராமல் பனி வலப்பக்கம் ஒதுங்கி நகர்வதை நான்சென் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் எக்மன் என்ற கடலியலாளர் கடல் நீரோட்டக் கோட்பாட்டை உருவாக்கினார். இன்றைக்கும் கடலியல் மாணவர்கள் படிக்கும் பாடம் அது.

குளிரும் மற்ற பயணங்களும்

துருவப் பயணத்தின் குளிரையும் அபாயத்தையும் உணர்த்த ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் குளிர் மூக்கைப் பிடிக்கிறது. இருட்டு, காற்றின் ஊளை, பனி வெடிக்கும் ஓசை. சின்னப் பகுதிதான், சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். எட்டு மாதம் குழிவீட்டில் இருந்தார்கள் என்ற எழுத்து, அந்தக் குளிரிலிருந்து வெளிவந்தபின் வேறு எடையோடு படிகிறது.

ஃப்ராமின் இரண்டாம் பயணம் 1898 முதல் 1902 வரை, ஸ்வெர்த்ருப் தலைமையில். கனடாவின் வடமுனைத் தீவுகளில் பெரும் நிலப்பரப்பை வரைபடத்தில் ஏற்றினார்கள். மூன்றாம் பயணம் உலகறிந்தது. 1910-ல் வட துருவத்துக்கு என்று சொல்லிக் கிளம்பிய அமுன்ட்சென், மதெய்ராத் தீவில் தன் ஆட்களிடம் தெற்கே போகிறோம் என்று அறிவித்தார். அவரைக் கரையிறக்கிவிட்டு ஃப்ராம் தென் அட்லாண்டிக்கில் கடலாய்வு செய்தது, பின் திரும்பிப்போய் அவரை ஏற்றிக்கொண்டது. வடக்கே 85 பாகை 57 கலை, தெற்கே 78 பாகை 41 கலை. ஒரே மரக்கப்பல் இரண்டு முனைகளையும் அவ்வளவு நெருங்கியது.

பக்கத்துக் கட்டடத்தில் யோவா நிற்கிறது. 1903 முதல் 1906 வரை வடமேற்குக் கடல்வழியை முதன்முதலாக முழுதும் கடந்த கப்பல். நீளம் 21 மீட்டர்தான், ஆட்கள் ஆறு பேர். 1872-ல் மீன்பிடிக்கக் கட்டியது. அமுன்ட்சென் பிறந்ததும் அதே வருடம். ஃப்ராமின் பருமனைப் பார்த்த கண்ணோடு யோவாவைப் பார்த்தால், இத்தனை சிறிசா என்று மலைப்பு வரும். அந்தப் பயணத்தில் நெட்சிலிக் இன்யூட் மக்களோடு பழகி, தோலாடை அணிவதையும் பனிவீடு கட்டுவதையும் அமுன்ட்சென் கற்றுக்கொண்டார். தென் துருவ வெற்றியின் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒரு மனிதரின் பின்கதை

நான்செனின் படத்துக்கு முன்னால் நண்பர் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். பனியில் நடந்த இந்த மனிதர் 1921-ல் உலக நாடுகள் சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையர் ஆனார். நாடில்லாதவர்கள் எல்லை தாண்டிப் போக உதவிய சான்றிதழுக்கு நான்சென் பாஸ்போர்ட் என்றே பெயர். 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

"இந்தாள்தான் அண்ணை அகதிக்கு முதன்முதலா ஒரு கடதாசி குடுத்தவர்," என்றார் நண்பர். அவர் குரலில் இருந்த மரியாதையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. தொலைந்துபோன ஒரு கப்பலின் பொருட்கள் கரையொதுங்கியதைப் பார்த்து அது வந்த வழியைத் தேடியவர், கரையொதுங்கிய மனிதர்களுக்கும் வழி தேடினார். ஒரு கப்பல் கண்காட்சி இந்த இடம்வரை நம்மைக் கூட்டிவருகிறது என்றால் அதை அமைத்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கோன்-டிக்கியையும் பார்க்கத்தான் வேண்டும். 1947-ல் பால்சா மரத்தெப்பத்தில் ஆறு பேர் 101 நாள் பசிபிக்கில் மிதந்த கதை அது, தவறவிடக் கூடாது. ஆனால் நேரம் குறைவென்றால் ஃப்ராமுக்கு முதலிடம் கொடுங்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். உள்ளே போனதும் மேலே ஓடாதீர்கள், கீழ்த்தளத்தில் தொடங்குங்கள். சரக்கறையை விட்டுவிடாதீர்கள், பலர் கூடத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். படகுக் காலம் இல்லையென்றால் நகரத்திலிருந்து பேருந்தும் உண்டு. கடற்பயண வரலாற்றை விளக்க நான் பார்த்த காட்சிகளிலேயே இதுதான் முதல் தரம். போய் ஏறிப் பாருங்கள்.